ஓதப் போன நோட்டு

அத்தியாயம் பதினொன்று

சென்ற வாரம் ஜொகராவை அடுக்களையில், காலி அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டபடி நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேதான் நிற்கிறாள். பானைக்குள் அரிசி இல்லை. அது ஜப்பான்காரன் வந்த பிறகு மலாக்காவில் எந்தப் பானையிலும் இல்லை. நோட்டும் இல்லை. அதுதான் சங்கதி.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜொகரா, காஜா பெராங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூமின் மனைவி. வயது இருபத்தாறு. சிங்கப்பூரில் பிறந்து, கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் இங்கிலீஷ் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. வீட்டில் பேசுகிற தமிழை, சிறு வயதில் ஓதப் போன இடத்தில் கற்றுக்கொண்டபடி, அரபு எழுத்தில்தான் எழுதுவாள். அவள் உம்மாவும் அப்படித்தான் நாகூருக்குக் கடிதம் எழுதினாள்.

படிக்கிற ஒவ்வொரு கதைப் புத்தகத்தைப் பற்றியும் அந்த நோட்டில் எழுதி வைப்பாள். என்ன கதை, எங்கே அழுதாள், யாரை அறைய வேண்டும் போல இருந்தது, நடுநடுவே வீட்டாரைப் பற்றிய குறைகள், எல்லாம் இருக்கும். இரண்டு இடத்தில் மட்டும் முடிவில், பள்ளிக்கூடப் பழக்கத்தில், புத்தகம் யாரிடமிருந்து வந்தது, எங்கே இருந்தது என்று இரண்டு வரி. எழுதும்போது அந்த இரண்டு வரி ஒன்றுமாகத் தெரியவில்லை. இப்போது அந்த இரண்டு வரியால் ஓர் உயிரே போகலாம்.

ஏனென்றால் புத்தகங்கள் வந்தது பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துச் சிவகாமியிடமிருந்து. அவள் தகப்பனார் வேலாயுதம், வெள்ளைக்காரர்களின் கிளப்பில் புத்தக அலமாரிகளுக்குக் காவலாக இருந்தவர். துரைமார்கள் ஓடிய அன்று, ஜப்பான்காரர்கள் எரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, நாற்பது புத்தகங்களைக் கூடையில் சுமந்து வந்து தன் வீட்டு அடுக்களைப் பரணில் எண்ணெய்த் தகரங்களுக்குள் அடைத்து வைத்திருக்கிறார். இங்கிலீஷ் புத்தகங்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தும் அவர் ஒப்படைக்கவில்லை. புக்கிட் பாருவில் பொன்னுதுரை என்கிற கிராணியை, அதாவது குமாஸ்தாவை, இதே குற்றத்துக்காகப் போன மாதம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் மனைவி இன்னும் போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குச் சோற்றுத் தூக்கோடு போய்த் திரும்புகிறாள்.

ஜொகரா கையை வெளியே எடுத்தாள். முன்கட்டில் கய்யூம் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான், லாத்தா எங்க?”

லாத்தா என்றால் ஹவ்வா லாத்தா. கய்யூமின் அக்காள், விதவை. இந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று உண்டென்றால் அது அவளுடையது.

“கிளேபாங்கு. மரியம் உஸ்தாபி வீட்டுல இன்னிக்குப் பொம்பளைங்க ஓதலு.”

“கையில ஏதாச்சும் கொண்டு போனாங்களா?”

“பச்சைத் துணியில ஒரு கிதாபு. அடுக்களையில, கால் படுற எடத்துல கெடந்துச்சாம். உன்னைத்தான் ஏசிக்கிட்டுப் போனாங்க.”

ஜொகராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாத்தாவின் மூக்குக் கண்ணாடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது. மாற்றுக் கண்ணாடிக்கு இந்த ஊரில் வழியில்லை. வரி எதுவும் படிக்க முடியாது, ஆனால் அரபு எழுத்தின் சாயல் மட்டும் தெரியும். அரிசிப் பானைக்குள் அரபு எழுத்தில் ஒரு ஏடு! கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, பச்சைத் துணி சுற்றி, பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற உஸ்தாபியின் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“யாரோட போனாங்க?”

“ஆயிஷாவோட ரிக்‌ஷாவுல.”

ஆயிஷா, காதர் மைதீனின் மனைவி. காதர் மைதீன், ஜப்பானிய ராணுவப் போலீசுக்குத் தமிழும் மலாயும் மொழிபெயர்த்துச் சொல்கிறவர். பொன்னுதுரை கிராணியின் வீட்டை அடையாளம் காட்டியதும் அவர்தான் என்று பேச்சு. அந்த ஆயிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய ரிக்‌ஷாவிலேயே சவாரி போயிருக்கிறது நோட்டு.

கய்யூம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லப் போகிறவர் போல நின்றார். பிறகு வழக்கம் போல ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். அவருடன் நின்று பேச ஜொகராவுக்கும் நேரமில்லை. கடிகாரத்தில் மணி பத்து. அது ஜப்பான்காரன் திருப்பி வைத்த தோக்கியோ நேரம். வெயிலைக் கேட்டால் எட்டரைதான் என்னும்.

துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

நேரே கிளேபாங் போயிருக்க வேண்டும். கால் அவளைச் செட்டிக் கம்பத்துக்குள் கொண்டு போய் விட்டது. சிவகாமி மலாய்ப் பாஜுச் சட்டையும் கைலியுமாகக் கிணற்றடியில் மரவள்ளிக்கிழங்கு தேய்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநீறு. மலாக்காச் செட்டிகள் எல்லோரையும் போலத் தமிழ்ப் பெயர், தமிழ்ச் சாமி, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். இருவரும் பேசியதை நாம் தமிழில் சொல்லிக்கொள்வோம்.

“முடிச்சுட்டியா அதுக்குள்ள? அடுத்தது ஒண்ணு வெச்சிருக்கேன், ரொம்பப் பெருசு” என்று சிரித்தாள் சிவகாமி.

“நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள் ஜொகரா. சிவகாமியின் கை கிழங்கில் நின்றுபோனது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“என் பேரையா எழுதின?”

“உன் பேரும், பரணும், எண்ணெய்த் தகரமும்.”

“ஏன்? படிச்சதை நெஞ்சுக்குள்ள வெச்சுக்க முடியாதா உனக்கு? நானும்தான் படிக்கிறேன். ஒரு வரி எழுதினேனா?”

“எழுதாட்டா எனக்குப் படிச்ச மாதிரியே இல்ல, சிவகாமி. அந்த வீட்டுல நான் பேசுறதுக்கு வேற யாரு இருக்கா?”

அது உண்மை. ஆனால் ஒருவருடைய உயிருக்கு எதிரே நிறுத்தினால் எவ்வளவு சின்ன உண்மை! சொன்ன பிறகு ஜொகராவுக்கே வெட்கமாகப் போய்விட்டது. உள்ளேயிருந்து வேலாயுதத்தின் இருமல் கேட்டது. சிவகாமி எழுந்து, ஈரக் கையாலேயே ஜொகராவின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

“போ. அவங்க படிக்கிறதுக்கு முன்னால அதை வாங்கு. அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லமாட்டேன். சொன்னா அந்த மனுஷன் புத்தகத்தை விட்டுட்டு ஓடமாட்டாரு, புத்தகத்துக்குப் பக்கத்துல போய் உட்கார்ந்துக்குவாரு.”

கிளேபாங்குக்கு மூன்று கட்டை, அதாவது மூன்று மைல். பாதி வழியில் காவல் கொட்டகை. துப்பாக்கியோடு நிற்கிற சிப்பாய்க்கு இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுத்தான் யாரும் அதைத் தாண்ட முடியும். பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சட்டத்தை ஜொகரா அன்று மறந்தாள். நோட்டின் பக்கங்களை மனத்துக்குள் புரட்டிக்கொண்டே, எது எத்தனையாவது பக்கம், சிவகாமியின் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று கணக்குப் போட்டபடி விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

பின்னாலிருந்து ஒரு கத்தல். அப்போதுதான் கொட்டகையின் நினைவே வந்தது.

அடிக்கவில்லை. அதற்கே அல்லாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். சாலையோரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோட்டைக் காட்டி, நில் என்று சைகை செய்தான். நின்றாள். வெயில் ஏறியது. சைக்கிள்கள், மாட்டு வண்டிகள், தலையில் விறகோடு போகிற பெண்கள், எல்லோரும் குனிந்து, நிமிர்ந்து, அவளைப் பார்க்காதது போலப் போனார்கள். கிளேபாங்கில் இந்நேரம் சாம்பிராணி போட்டிருப்பார்கள். பாய் விரித்திருப்பார்கள். உஸ்தாபி பச்சைத் துணியை அவிழ்த்திருப்பாள். கால் வலி பெரிதில்லை, நிற்பதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் சிப்பாய்க்கே சலித்துவிட்டது. போ என்றான். இந்த முறை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்தாள்.

மரியம் உஸ்தாபியின் வீடு கடலை ஒட்டியது. வாசலில் செருப்புகளைப் பார்த்தாள், இருபது ஜோடிக்குக் குறையாது. உள்ளே உஸ்தாபியின் குரல் ராகத்தோடு கேட்டது. ஜொகரா ஓரமாக நுழைந்து கதவோரம் உட்கார்ந்தாள். இரண்டு வரி காதில் விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“...அந்தப் புள்ள ஒவ்வொரு மஃரிபுக்கும், பொழுது சாயுறப்ப, விளக்குக் கோபுரத்துல ஏறும். வாப்பா போன கப்பல் திரும்பாதுன்னு ஊரே சொல்லியாச்சு. ஆனாலும் ஏறும். திரியைத் தூண்டும். எனக்கு இந்த எடத்துல கண்ணு நெறைஞ்சு எழுத்து மறைஞ்சுபோச்சு...”

அவளுடைய எழுத்து. அவளுடைய கண்ணீர். விளக்குக் கோபுரத்துப் பெண்ணின் கதையைப் படித்துவிட்டு அவள் எழுதிய குறிப்பை, உஸ்தாபி நபிகளின் புகழான மவ்லிது ஓதுகிற அதே மெட்டில் ஓதிக்கொண்டிருக்கிறாள்! சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நடு நாயகமாக ஹவ்வா லாத்தா, தானே எழுதியது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளை ஒட்டி ஆயிஷா.

“வாப்பா வந்தாரா உஸ்தாபி?” என்றாள் ஒரு கிழவி, பொறுக்க முடியாமல்.

உஸ்தாபி பக்கத்தைத் திருப்பினாள். “‘கடைசி இருபது பக்கத்தைக் கரையான் தின்னுருச்சு. வந்தாரா இல்லையான்னு எனக்கும் தெரியாது.’ இப்படித்தான் எழுதியிருக்கு.”

அறை முழுவதும் ஐயோ என்றது. புருஷனைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பறிகொடுத்த ஒருத்தி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

ஆயிஷா மட்டும் அழவில்லை. “இது எந்தக் காலத்து ஏடு? யாரு எழுதினது?”

“எங்க ஜொகரா வீட்டுது” என்றாள் லாத்தா. “அவ உம்மா காலத்து ஏடா இருக்கணும். அவ அருமை தெரியாம அரிசிப் பானையில போட்டு வெச்சிருந்தா. அந்தா, கதவோரமா வந்து உட்கார்ந்திருக்கா பாரு. கேளு.”

இருபது முகங்களும் திரும்பின. ஜொகரா துப்பட்டியை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு ரெண்டு நாளு குடு ஜொகரா” என்று கையை நீட்டினாள் ஆயிஷா. “எங்க வீட்டுக்காரருக்குப் பழைய ஏடுன்னா உசுரு. அரபுத் தமிழ்ல எதைக் கண்டாலும் வரிவிடாமப் படிப்பாரு. பாத்துட்டுத் தந்துடுவாரு.”

உஸ்தாபி நோட்டை மூடினாள். பச்சைத் துணியை நிதானமாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“ஓதின ஏட்டை ஓதின எடத்துலேர்ந்து நேரா சொந்தக்காரி கையிலதான் குடுக்கணும் ஆயிஷா. நடுவுல ஒரு வாசல் ஏறக் கூடாது.”

அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக ஜொகரா கேள்விப்பட்டதே இல்லை. அங்கே இருந்த யாருமே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உஸ்தாபி சொன்னால் சொன்னதுதான். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு இலை போடும் சந்தடியில் உஸ்தாபி ஜொகராவைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

“முதல் வரியிலேயே தெரிஞ்சுபோச்சு எனக்கு. மூடிடலாம்னுதான் பாத்தேன். ஹவ்வா எல்லார் முன்னாலயும் பெருமையா உட்கார்ந்திருந்தா, அவ முகத்தை எப்படிக் கெடுக்கிறது? அப்புறம்...” உஸ்தாபி கொஞ்சம் வெட்கப்பட்டாள். “அப்புறம் எனக்கே அந்தப் புள்ள என்ன ஆச்சுன்னு தெரியணும் போல இருந்துச்சு. ஹவ்வாவைப் பத்தி எழுதினதையெல்லாம் தாண்டிட்டேன். உன் புருசனைப் பத்தினதையும்தான்.”

ஜொகரா அவள் சொல்வதைக் காதில் வாங்காமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஏழாவது புத்தகம். பத்தாவது. சிவகாமியின் பெயர் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் ஏடு இல்லை. தையலை ஒட்டி நறுவிசாகக் கிழித்திருந்தது.

“இதை நீங்களா கிழிச்சீங்க, உஸ்தாபி?”

“அரபு எழுத்தை நான் கிழிப்பேனா? வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு.”

பிறகு யார்? ரிக்‌ஷாவில் மூன்று கட்டை தூரம். பக்கத்தில் ஆயிஷா. லாத்தாவுக்கோ கண் தெரியாது. திரும்பி வருகிற வழியெல்லாம் ஜொகராவின் மனம் ஒரு நிலையில் இல்லை. ஆயிஷாவிடம் கிழித்த ஏடு இருந்தால் நோட்டை ஏன் கேட்க வேண்டும்? இன்னும் ஏடு வேண்டும் என்றா? காவல் கொட்டகையில் குனிந்தது கூட நினைவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பிற்பகல் அஸர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. அதற்குள் கய்யூம் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் கையில் இருந்த பச்சைத் துணியைப் பார்த்தார்.

“கெடைச்சுதா?” என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அந்த ரெண்டு ஏடும் அதுல இல்ல ஜொகரா. நான்தான் எடுத்தேன்” என்றார்.

ஜொகரா அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

“நீங்க படிச்சீங்களா?”

“ஒரு வருசமா படிக்கிறேன். நீ புதுசா எழுதுனியான்னு வாரத்துக்கு ஒருக்காப் பானையைப் பாப்பேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் பார்த்துப் பேசினார். “நல்லா எழுதுற. என்னைப் பத்தி எழுதினதும் சரிதான்.”

வேறொரு நாளாக இருந்திருந்தால் இதைக் கேட்டு அவள் என்ன செய்திருப்பாளோ. அன்று அவளுக்கு வந்தது கோபம்தான்.

“காலையிலேயே சொல்ல வேண்டியதுதானே? பேரு அதுல இல்லேன்னு ஒரு வார்த்தை! வெயில்ல, சிப்பாய்க்கு முன்னால ஒரு மணி நேரம் செத்துச் செத்து நின்னேனே! சிவகாமியைப் போய்ப் பயமுறுத்திட்டு வந்தேனே!”

“சொல்லத்தான் வந்தேன். படிச்சேன்னு ஒத்துக்கணுமே, அதுக்கு வாய் வரல.”

“எங்க வெச்சிருக்கீங்க அந்த ஏட்டை? எரிச்சுட்டீங்கதானே?”

கய்யூம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அடுப்புக்கிட்ட கொண்டு போனேன். கை வரல. அரபு எழுத்து, ஜொகரா. கதைப் புஸ்தகத்தைப் பத்தினதா இருந்தாலும் எழுத்து அந்த எழுத்துதானே? நெருப்புல எப்படிப் போடுவேன்? பள்ளிவாசல்ல பழைய கிதாபு, கிழிஞ்ச ஏடெல்லாம் மூட்டை கட்டி வெப்பாங்க இல்ல, கடல்ல விடுறதுக்கு? அதுக்குள்ள சொருகிட்டேன்.”

“அது கடலுக்குப் போயிருச்சா?”

“படகு விட அனுமதி இல்லாமக் கெடந்துச்சு. இன்னிக்குத்தான் அனுமதிச் சீட்டு வந்துச்சு. ஆனா மூட்டையைப் பிரிச்சு, ஒவ்வொரு ஏடாப் பாத்துட்டுத்தான் விடணுமாம். நாளைக்குக் காலையில.”

“யாரு பாக்குறது?”

“காதர் மைதீன். அவரே கேட்டு வாங்கிக்கிட்டாராம்.”

ஜொகராவுக்கு ஆயிஷாவின் குரல் காதில் கேட்டது. வரிவிடாமப் படிப்பாரு.

“நான் உள்ள போய்த் தேட முடியாது மச்சான். ஆம்பளைங்க தொழுவுற எடம். நீங்கதான் போகணும்.”

“அதுக்குத்தான் கடையைப் பூட்டினேன். தொழுகைக்குப் போற மாதிரி முன்னாடியே போய், கூட்டம் சேர்றதுக்குள்ள எடுத்துடுறேன்.” தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். படியில் நின்று, பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசினார். “ஆயிரம் ஏடு இருந்தாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.”

போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜொகரா நின்றாள். அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதாள்.

வாசலில் ரிக்‌ஷா மணி. ஹவ்வா லாத்தா சிரமப்பட்டு இறங்கினாள்.

“எல்லாரும் உன் ஏட்டைப் பத்தித்தான் பேசுறாங்க புள்ள. ஆயிஷாவும் வந்து பேசிட்டுப் போயிருப்பா, வீட்டுல ஆளில்லையேன்னு அவசரமாப் போயிட்டா.” துப்பட்டியை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். “அவ புருசன் நாளைக்கு வேற வேலை இருக்குன்னு பள்ளிவாசல் மூட்டையை இன்னிக்கே பிரிச்சு உட்கார்ந்துட்டாராம். வர்ற வழியில பாத்தோம், வாசல்ல அவரு சைக்கிளும் ரெண்டு சிப்பாயும்.”

ஜொகரா வெளியே ஓடினாள். துப்பட்டி தோளில் இல்லை. சாலைக் கோடியில், பள்ளிவாசல் பக்கம் திரும்புகிற முனையில், வெள்ளைத் தொப்பி ஒன்று தெரிந்தது.

“மச்சான்!”

தெருவில் குரல் எழுப்பி அறியாதவள் அந்தத் தெருவே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டாள். பாங்கு சொல்ல ஆரம்பித்திருந்ததில் அவள் குரல் அமுங்கிப்போனது. கய்யூம் திரும்பாமல் நடந்து போனார்.